அம்மாவுக்குப் போட்ட கைப்பிடி இறால்

பாப்பா, தம்பி, ரோட்டில் போகிறவர்கள் உங்கள் அம்மாவை "மெம்பரம்மா" என்று கூப்பிட்டால் நீங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்த வார்டு எலக்‌ஷன் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, அது வந்த நாட்களில் உங்கள் அப்பன் எப்படி நடுங்கினான் என்பது உங்களுக்குத் தெரியாது. நான் எட்டாவதோடு நின்றவன். எனக்கு வந்த மாதிரி எழுதுகிறேன்.

நம் தெருப் பெண்களுக்கு வலையும் கிடையாது, படகும் கிடையாது. ஏரியில் மார்பு வரை நனைய உட்கார்ந்து, அடியில் இருக்கும் சேற்றைக் கையால் தடவித்தான் இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட பனையோலைப் பறி. அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு கைக்கும் தண்ணீருக்குள் வேலை இருப்பதால். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் விரல் பார்த்துச் சொல்வதுதான்.

தெருவில் ஒருத்தி பிள்ளை பெற்று வீட்டில் கிடந்தால், கரையேறும் ஒவ்வொருத்தியும் தன் பறியிலிருந்து ஒரு கைப்பிடி இறாலை அவளுக்கென்று போட்டுவிட்டுப் போவது நம் வழக்கம். யாரும் கேட்டு வாங்குவதில்லை. அம்மா வார்டு மெம்பருக்கு மனு போட்டுவிட்டு வந்த அன்று, நோட்டீஸ் அடிக்க, மைக் செட் வைக்க என்ன செய்வது என்று விழித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு அத்தை வாசலில் நின்றே சொல்லிவிட்டார்.

"ரெண்டு புள்ள பெத்தப்பவும் உனுக்குப் போட்டோம். இப்போ எலீக்சன பெத்துக்கினு கெடக்குற. அதுக்கும் போடுறோம், போ."

அப்படித்தான் தொடங்கியது. தினமும் கரையில் ஒரு கூடை இருக்கும். ஆளுக்கு ஒரு கைப்பிடி. அதை ஐஸ் பெட்டியில் கொட்டி, என் ஆட்டோவில் ஏற்றி, ஏலம் போடும் இடத்துக்குக் கொண்டுபோனேன். அதில்தான் மாட்டிக்கொண்டோம். வழக்கமாக அவரவர் இறாலை சைக்கிளில் வரும் மீன்காரரிடம் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுவிடுவார்கள். யாருக்கும் கண்ணில் படாது. மொத்தமாக ஒரே பெட்டியில் கொண்டுபோனால் தெருவே அம்மா பக்கம் நிற்பது வெளியே தெரிந்துவிடும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஏலம் எடுக்கும் யாவாரி, அம்மாவை எதிர்த்து நின்றவருக்கு மச்சான். இரண்டு பேரும் ஏரியில் வலை கட்டுகிற ஊர்க்காரர்கள். நம் பெண்கள் அவர்கள் வலைப் பக்கம் இறங்கக்கூடாது என்று ஏற்கெனவே பேச்சு இருந்தது.

"இன்னாப்பா, இறாலு ஆட்டோல சவாரி வந்துக்குது?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"ஊட்ல புடிச்சதுண்ணா."

"ஊட்ல எத்தினி பொண்டாட்டி வெச்சிக்கினு கீற?"

அவர் ஒரு இறாலை எடுத்து அதன் மீசையை மெதுவாக நீவினார். "மீச கூட அறுவல பாரு. இது வலையே பாக்காத சரக்கு. ஒரு தெருவே குந்திக்கினு தடவிருக்குது."

விலையைக் குறைக்கவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கிளப்பியது. சரியான விலையைக் கையில் வைத்து, என் உள்ளங்கையைத் தட்டிக்கொடுத்தார்.

"கைய பாத்துக்கச் சொல்லுப்பா உங்க பொம்பளைங்கள. சேத்துல இன்னா இன்னா கெடக்குதோ, யாரு கண்டா?"

வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சுதான். ஒரு கூடை உடைந்த பாட்டிலை ஏரியில் கொட்ட எவ்வளவு நேரமாகும்? கொட்டினால் யார் கண்டுபிடிப்பது? அம்மாவின் விரல்தான் கண்டுபிடிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். அம்மா உங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"மனுவ வாபஸ் வாங்கிக்கலாமே" என்றேன்.

"இன்னாத்துக்கு? எங்க கைய கிழிச்சிட்டா, அவன் மச்சானுக்கு ஓட்டுக் குத்த வெரலுக்கு எங்க போவான்?" என்று சிரித்தாள். பிறகு குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தன் இரண்டு கைகளையும் புடவையில் துடைத்தாள். துடைத்தபின்னும் துடைத்துக்கொண்டிருந்தாள். யாவாரி சொன்னதைத் தெருவில் எல்லாரிடமும் அவளே போய்ச் சொன்னாள். பயந்தவர்கள் கைப்பிடி போட வேண்டாம் என்றும் சொன்னாள்.

மறுநாள் காலையில் நான் சவாரிக்குப் போகவில்லை. கரையில் நின்றேன். வழக்கமாகத் தண்ணீரில் உட்கார்ந்தால் பறிக் கயிற்றைக் கடித்த வாயாலேயே வம்பு பேசுவார்கள். அன்று ஒரு சத்தமும் இல்லை. கைகள் மெதுவாக, மிக மெதுவாகப் போவது அவர்கள் தோளைப் பார்த்தாலே தெரிந்தது.

திடீரென்று "ஐயோ!" என்று ஒரு கத்தல். பக்கத்து வீட்டு அத்தை. தண்ணீருக்கு மேலே தூக்கிய வலது கையிலிருந்து ரத்தம் முழங்கைவரை இறங்கியது. பெண்கள் எல்லாரும் எழுந்து அலறிக்கொண்டு கரைக்கு ஓடிவந்தார்கள். நான் செருப்போடு தண்ணீருக்குள் ஓடினேன். அம்மா அதற்குள் அவர் கையைப் பிடித்து விரித்துப் பார்த்துவிட்டாள்.

"கெளுத்தி முள்ளுதான்! கெளுத்திதான்!"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த மீன் குத்துவது நமக்குப் புதிதல்ல. மஞ்சளை வைத்துக் கட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம். அன்று ஒருத்தி கரையில் உட்கார்ந்து அழுதாள். இரண்டு பேர் கூடையைப் பார்க்காமலே வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அத்தை துணி சுற்றிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, இடது கையைப் பறிக்குள் விட்டார்.

"இந்தக் கைக்குக் கொஞ்சந்தான் வருது, நாளைக்கு சேத்துப் போடுறேன்" என்று கூடையில் போட்டார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

நாளைக்கு என்றுதான் அவர் சொன்னார். நாளைக்கும் இறங்குவார்கள். நாளை மறுநாளும்.

எல்லாரும் போனபின், வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் நான் மட்டும் திரும்பி வந்தேன். சட்டையைக் கழற்றி ஆட்டோவில் போட்டுவிட்டு ஏரியில் இறங்கினேன். எனக்கு இறால் தடவத் தெரியாது. ஸ்டியரிங் பிடித்த கை. அவர்கள் உட்கார்கிற இடத்தில் உட்கார்ந்து, பாட்டில் சில்லு கிடக்கிறதா என்று சேற்றின் மேல் உள்ளங்கையை வைத்து நகர்த்தினேன். ஏதோ கூர்மையாகப் பட்டது. எடுத்துப் பார்த்தால் ஆளிச் சிப்பி ஓடு. கரைப் பக்கம் வீசினேன். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, மறுபடியும் இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டேன்.