தறி நின்ற பத்து நிமிடம்

கிராம சுகாதார செவிலியர் வேலை என்பது, யார் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதை ஊருக்கு முன்னால் தெரிந்துகொண்டு, ஊருக்கே தெரிந்த பிறகும் ஒன்றும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளும் வேலை. குமாரபாளையம் பக்கம், விசைத்தறிக் கொட்டகைகள் நெருக்கியடித்து நிற்கும் தெருக்களில் பதினோரு வருடமாக நான் இந்த முகத்தோடு அலைகிறேன். எதையும் நோண்டி நோண்டிக் கேட்பது என் பிறவிக் குணம். வீட்டுக்காரர் அதை வியாதி என்பார். அந்த வியாதிக்குத்தான் அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது என்பேன். தோளில் பையும் கையில் நோட்டுமாக வெயிலில் நடக்கும் சகோதரிகளே, நான் சொல்லப்போவது உங்களுக்கும் நடந்திருக்கும். நடக்கவில்லை என்றால் இன்னும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

கஞ்சி வாடை

கொட்டகைக்குள் யாரும் பேசுவதில்லை. இருபது தறி ஓடும்போது பேசி என்ன பயன்? உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வார்கள். சரோஜாம்மா என்பவருடைய கொட்டகையில் மகேஸ்வரி நான்கு தறி ஓட்டிக்கொண்டிருந்தாள். இருபத்துநான்கு வயது. புருஷன் செந்திலுக்கு எதிர் வரிசையில் நான்கு தறி. ஒரு நாள் கஞ்சி போட்ட புதுப் பாவு நூலைத் தறியில் ஏற்றும்போது, அதிலிருந்து வந்த கஞ்சி வாடைக்கு அவள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். ஆறு வருடமாக அந்த வாடையிலேயே நிற்கிறவள் இன்றைக்கு ஏன் பொத்துகிறாள்?

"நாள் தள்ளியிருக்குதா?" என்று வாயை மட்டும் அசைத்தேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இரண்டு விரலைக் காட்டினாள். அவளுக்கு முதல் கரு மூன்றாம் மாதத்திலேயே கலைந்திருந்தது, அதனால்தான் இந்தத் தடவை யாரிடமும் மூச்சு விடவில்லை. வாசலுக்கு வந்ததும் சொன்னாள்: "என்ற மாமாவுக்கே இன்னும் சொல்லலைங்க. உங்க மூக்கு என்ற மூக்க விட நீளமா இருக்குதுங்க நர்சம்மா."

ரோஜாச் செடி

இரும்புச் சத்து மாத்திரையைக் கொடுப்பது சுலபம், அது எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். மகேஸ்வரி மாதாமாதம் காலி அட்டையைக் காட்டினாள். ரத்தமோ ஏறவே இல்லை. ஒரு நாள் அவள் வீட்டு வாசலில், சிமெண்டுச் சாக்கில் வைத்திருந்த ரோஜாச் செடியைப் பார்த்தேன். அந்தத் தெருவில் வேறெந்தச் செடியிலும் அப்படிப் பூக்கவில்லை. குச்சியால் மண்ணைக் கிளறினேன். சிவப்பு மாத்திரைகள் பாதி கரைந்து கிடந்தன. முழுங்கினால் குமட்டுகிறதாம், வீணாக்கவும் மனசு வரவில்லையாம். இனி என் கண் முன்னால்தான் முழுங்க வேண்டும் என்று கோபமாகச் சொன்னேன். அவள் செடியையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அதுக்கு நல்லா ரத்தம் ஊறியிருக்குதுங்க, எனக்குத்தான் ஊறல."

தெரிஞ்ச பொண்ணு

கொட்டகை முதலாளி சரோஜாம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது. அதட்டினால் தறிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். ஒரு நாள் என்னைத் தனியாகக் கார் நிறுத்தும் இடத்துக்கு அழைத்துப் போய்க் குரலை இறக்கினார். அவருக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு மாதவிடாய் நின்று மூன்று வருடம் ஆகிவிட்டதாம். இப்போது மறுபடியும் ரத்தம் படுகிறதாம். சூடுதானே, இளநீர் குடித்தால் போதும்தானே என்று கேட்டார்.

போதாது, நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும் என்றேன். அந்தப் பெண்ணுக்கு என்ன வயது, எடை எவ்வளவு, சர்க்கரை உண்டா என்று வழக்கம்போல நோண்டினேன். எல்லாவற்றுக்கும் பட்டுப் பட்டென்று பதில் வந்தது. வியாழக்கிழமை நானே கூட்டிப்போகிறேன் என்றேன். வியாழக்கிழமை வாசலில் சரோஜாம்மா மட்டும் நின்றுகொண்டிருந்தார். (பிறகு பார்த்ததில் கர்ப்பப்பையில் சின்னச் சதை வளர்ச்சிதான். எடுத்துவிட்டார்கள், கெட்டது எதுவும் இல்லை.) பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் மெதுவாகக் கேட்டார்: "ஏனுங் நர்சம்மா, ஆஸ்பத்திரிச் சீட்டுல பேர மட்டும் வேறயா எழுதிக்கலாமுங்களா?"

காலும் கையும்

இனி என் வண்டவாளம். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும். தறியை விட்டுவிட்டு யார் வருகிறார்கள்? அதனால் நானே கொட்டகைக்குப் போய், ஓடும் தறிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, அவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பேன். டிஜிட்டல் மிஷின் ரிப்பேருக்குப் போய் மாதக்கணக்காகிவிட்டது. கையில் இருந்தது முள் ஆடும் பழைய மிஷின், காதில் ஸ்டெதஸ்கோப். நூற்று நாற்பது வரை காற்றடித்து மெல்ல இறக்குவேன். நூற்றுப்பத்தில் 'டக்' என்று ஆரம்பிக்கும், எழுபதில் நின்ற மாதிரி இருக்கும். ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று மாதமும் மகேஸ்வரியின் கார்டில் அதையே எழுதினேன். இருந்த இடத்துக்கே போய்ப் பார்க்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எட்டாம் மாதம் அவள் பாதம் செருப்புக்குள் நுழையவில்லை. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. சிறுநீர் பிடித்துக் கொடு என்றேன். கொட்டகையில் அதற்கு ஏது இடம்? அடுத்த வாரம் தருகிறேன் என்றாள். அங்கே நிற்கிற எல்லாப் பெண்களுக்கும் கால் வீங்கித்தான் இருக்கும், அதற்குத் தறிக்கால் என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். நானும் கார்டைப் பார்த்துச் சமாதானம் ஆனேன். மகேஸ்வரி சிரித்தாள்: "நிக்கிற பொழப்புங்க, காலு வீங்காம கையா வீங்கும்?"

கரண்ட் இல்லாத நாள்

மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்துவார்கள். எங்கள் பக்கத்தில் பாதி விசேஷம் அன்றைக்குத்தான் நடக்கும், எப்படியும் தறி ஓடாது. மகேஸ்வரியின் கட்டுச்சோறும் வளைகாப்பும் அன்றைக்குத்தான். ஒன்பதாம் மாதம் பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. அவள் அம்மா ஜலகண்டாபுரத்திலிருந்து ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு சொந்தபந்தம், ஒரம்பரையோடு வேனில் வந்திருந்தார். விருந்து முடிந்ததும் மகளைப் பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் பாக்கி.

அவளுக்கு வளையல் ஏறவில்லை. சோப்புப் போட்டுப் பார்த்தார்கள். வளையல்காரர் சின்ன அளவைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்று ஒருவர் சொன்னார். நான் கையைப் பார்த்தேன். மோதிரம் சதைக்குள் புதைந்து கிடந்தது. கைதான் வீங்கியிருந்தது.

மிஷினை எடுத்தேன். தெருவே அமைதியாக இருந்தது. வழக்கம்போல நூற்று நாற்பதுக்கு ஏற்றிக் காதை வைத்தால், ஏற்றிய இடத்திலேயே டக் டக் என்று அடிக்கிறது. இன்னும் ஏற்றினேன். நூற்று அறுபதுக்கு நூற்றுப்பத்து. மிஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து என் கையில் கட்டிப் பார்த்தேன், சரியாகக் காட்டியது. மறுபடியும் அவள் கையில் கட்டினேன், அதே அளவு. அப்போதுதான் புரிந்தது. மூன்று மாதமாக நான் கேட்டது அவள் நாடியை அல்ல, தறியை. அழுகை வந்தது, அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது.

வேன் வேண்டாம், ஜலகண்டாபுரம் வேண்டாம், இப்போதே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வலிப்பு வந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்றேன். அவள் அம்மா கார்டைப் பிரித்து என் கையெழுத்தைக் காட்டினார். "மூணு மாசமா நல்லா இருக்குதுன்னு எழுதுனது நீங்கதானுங்களே? இன்னிக்கு மட்டும் எப்பிடிங்க?" கூட்டமே என்னைப் பார்த்தது. மிஷின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். "நான் எழுதினது தப்புங்க. தறிச் சத்தத்துல எனக்குக் கேக்கவே இல்லீங்க. கேட்ட மாதிரி எழுதிட்டேன்" என்றேன். செந்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். தலைவலி இருக்கிறதா, கண் மங்குகிறதா என்று மகேஸ்வரியிடம் கேட்டேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ரெண்டு நாளாப் பாவு நூலு ரெண்டு ரெண்டாத் தெரியுதுங்க. கண்ணாடி போட்டாச் சரியாப் போயிரும்னு இருந்தேன்."

செந்திலே 108-க்குப் போன் போட்டான்.

கையெழுத்து யாருது?

பிரசவ வார்டு சிஸ்டர் என்னைவிட மூத்தவர், வாய்க்குப் பேர்போனவர். சிறுநீரில் உப்பு, அதாவது புரதம், எக்கச்சக்கம் என்று சொல்லிவிட்டு, வலிப்பு வராமலிருக்க இடுப்பில் இரண்டு பக்கமும் ஊசி போட்டார். போட்ட கையோடு கார்டைப் புரட்டி, இந்தக் கையெழுத்து யாருடையது என்று கேட்டார். என்னுடையதுதான் என்றேன். மேலும் கீழும் பார்த்தார். "கூட்டிட்டு வந்ததும் நீதானே? அதனால திட்டறத நாளைக்கு வெச்சுக்கறேன். இப்பப் போயி ரத்தத்துக்கு ஆள் புடி."

மூன்றாம் நாள்

ஆபரேஷனில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ கூட இல்லை, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். இரண்டு நாள் மகேஸ்வரிக்கு அழுத்தம் இறங்கவே இல்லை. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வேண்டாத சாமி இல்லை. மூன்றாம் நாள் இறங்கியது. பயந்துகொண்டேதான் உள்ளே போனேன். திட்டுவாள், அழுவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவள் யோசனையாக என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பக் கொட்டாயில மத்த பொண்ணுங்களுக்கு எழுதுனது சரிங்களா நர்சம்மா?"

மெயின் சுவிட்ச்

அந்தக் கேள்வி எனக்கே வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சரோஜாம்மா முன்னால் போய் நின்றேன். பத்து நிமிடம் தறியை நிறுத்தச் சொன்னேன். நிறுத்திப் போட்டால் நூல் அறும், துணியில் கோடு விழும் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துபோய் மெயின் சுவிட்சை அவரே அணைத்தார். அந்தக் கொட்டகையில் நான்கு கர்ப்பிணிகள். மூன்று பேருக்குச் சரியாக இருந்தது. ஒருத்திக்கு நூற்று நாற்பத்தாறு. அன்றைக்கே அவளை டாக்டரிடம் அனுப்பினேன்.

கட்டிய பட்டையைக் கழற்றி நிமிர்ந்தால், பின்னால் கர்ப்பமே இல்லாத ஐந்தாறு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். வெள்ளைப்படுகிறது என்றாள் ஒருத்தி. மாதம் பதினைந்து நாள் உதிரம் போகிறது என்றாள் இன்னொருத்தி. கடைசியில் தார்க்குச்சியில் நூல் சுற்றும் ராசம்மாள், வயது அறுபதுக்குப் பக்கம். கர்ப்பப்பை கீழே இறங்கி, துணியை வைத்துக் கட்டிக்கொண்டு பத்து வருடமாக வேலைக்கு வந்திருக்கிறார். மாதாமாதம் அவரைத் தாண்டித்தான் நான் போயிருக்கிறேன். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். "இந்தச் சத்தத்துல எப்பிடி சாமி சொல்றது? கத்திச் சொல்ற விசயமா இது?"

ஸ்டெதஸ்கோப்பு, மாத்திரை, ஊசி எல்லாம் டிபார்ட்மென்டே கொடுத்துவிடும் சகோதரிகளே, மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் நாம்தான் நோண்டிக் கண்டுபிடிக்க வேண்டும்.