ஷியான் மதிலுக்குக் கிளம்பிய அப்பா

அப்பாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. பயணம் போவதென்றால் இந்த மாதம்தான் என்று நாங்கள் வசிக்கும் ஜெர்மன் நகரமான எசனில் டாக்டர் சொல்லிவிட்டார். சீனாவின் பழைய நகரமான ஷியானில் கோட்டை மதில்மேல் நடக்கவேண்டும், மண் படைவீரர்களைப் பார்க்கவேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை.

"விசாவே தேவையில்லை அப்பா, எல்லாம் நான் பாக்கிறன்" என்று கெத்தாக டிக்கெட் போட்டேன்.

விமான நிலையக் கவுண்டரில் அப்பாவை மறித்துவிட்டார்கள். விசா தேவைப்படாதது என் ஜெர்மன் பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான். அவரிடம் இருந்ததோ பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் பயணப் புத்தகம்.

"இஞ்ச அந்த மண் படைவீரர் காவல் நிண்டிருந்தா என்னை உள்ள விட்டிருப்பினம்" என்று அப்பா சிரித்தார். "நீ போயிட்டு வா. நான் போனில பாக்கிறன்."

"விசர்க்கதை கதைக்காதேங்கோ அப்பா."

திரும்பும் ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கினார். அடுத்த மாதம் அவர் இல்லை. ஒரே வீட்டில் வாழ்ந்தும், நான் ஜெர்மன் குடியுரிமை பெற்றுவிட, அப்பா இன்னும் அகதியாகவே இருந்தார் என்பது எனக்கு அந்தக் கவுண்டரில்தான் உறைத்தது.