அமாலியாவுக்குத் தெரிந்த கை

செக் நாட்டு பிர்னோ நகரத்தில் முப்பது வருஷம் டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற லிபுஷே, பதினோரு வருஷமாகக் கடலைப் பார்க்கவில்லை. வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டியில் கிடக்கும் அமாலியா என்ற விஷமில்லாத போவா மலைப்பாம்புதான் காரணம். அப்படித்தான் அவள் கணவன் ராதோவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நான் இல்லாட்டி அவ பட்டினி கிடந்தே செத்துடுவா. என் கையைத் தவிர வேற கை அவளுக்கு ஆகாது."

கோடைதோறும் ஊரே குரோஷியாக் கடற்கரைக்குக் கிளம்பும்போது இதே பல்லவி. ஒரு பாம்பின் மனசையே பறித்த முதல் ஆண்பிள்ளை தான்தான் என்ற நினைப்பு அவனுக்கு. பெட்டியைத் துடைத்து, தண்ணீர் மாற்றி, எச்சத்தை அள்ளுவது லிபுஷே. அவள் கையை உள்ளே விட்டால் பாம்பு இரண்டு முறை நாக்கை நீட்டிவிட்டுச் சோம்பலாய் நகர்ந்துகொள்ளும். மகாராஜா அப்போது பாம்பு வளர்ப்போர் சங்கத்துப் பத்திரிகையில் மூழ்கியிருப்பார்.

இந்த ஜூனில் தங்கை போன் செய்தாள். கடலோரத்தில் அறை போட்டாயிற்று, ஒரு படுக்கை காலி, ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

"நான் மட்டும் போறேன்," என்றாள் லிபுஷே.

"நீ போயிட்டா பெட்டிய யாரு துடைக்கிறது?"

"அவளுக்கு உன் கை மட்டும்தானே ஆகும்?"

"சாப்பாட்டுக்கு என் கை. துடைக்கிறதெல்லாம் வேற."

இவனோடு பேசி என்ன பயன் என்று வெறுத்துப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்துக்குச் சங்கத் தலைவர் ஹினெக் வந்தார். அவருக்காக ராதோவன் காலையிலேயே ஊருக்கு வெளியே இருக்கும் தோட்டவீட்டுக்குப் போய், தான் வளர்த்த முயலை அறுத்து, தோலுரித்து எடுத்து வந்திருந்தான். அது அடுப்பில் வெந்துகொண்டிருக்க, ஹினெக் விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு பிளம்பழச் சாராயத்தோடு உட்கார்ந்தார்.

"அமாலியா என்னை எப்படி அடையாளம் கண்டுக்கிறான்னு பாருங்க," என்று ராதோவன் எழுந்தான்.

"கையைக் கழுவிட்டுப் போ," என்று சமையலறையிலிருந்து கத்தினாள் லிபுஷே.

"எனக்கே பாம்பு வளர்க்கச் சொல்லித்தர்றியா? துண்டுல துடைச்சாச்சு."

அமாலியா அவனை அடையாளம் கண்டுகொண்டது, முயல் என்று. கட்டைவிரலைக் கவ்வி மணிக்கட்டைச் சுற்றி இறுக்கியது. சங்கத் தலைவர் சோபா மேல் ஏறி நின்றார்.

"லிபுஷே! ஐயோ, லிபுஷே!"

அவள் ஹினெக்கின் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கி, பாம்பின் வாயோரம் சாராயத்தைச் சொட்டு சொட்டாக விட்டாள். பிடி தளர்ந்தது. தன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து பாம்பைத் தூக்கினாள். அது அவள் முழங்கையில் சாதுவாகக் கிடந்தது.

"அம்மணி, அதுக்கு உங்களத்தான் நல்லாத் தெரியுது," என்றார் ஹினெக், சோபாவிலிருந்து இறங்காமலே.

"அதுக்கு யாரையும் தெரியாதுங்க. முயல் வாசம் தெரியும், சோப்பு வாசம் தெரியும்."

ராதோவன் ரத்தம் சொட்டும் விரலைப் பிடித்தபடி, வீட்டுக்குள் கள்ளக்காதலைக் கண்டுபிடித்தவன் குரலில் கேட்டான்: "இது எத்தனை நாளா நடக்குது?"

இந்த மடையனை நம்பியா பதினோரு கோடையைத் தொலைத்தோம் என்று லிபுஷே நினைத்துக்கொண்டாள். பாம்பைப் பெட்டிக்குள் விட்டுவிட்டு, அங்கேயே நின்று தங்கைக்குப் போன் போட்டு, வருகிறேன் என்றாள்.

சனிக்கிழமை பெட்டி படுக்கையோடு வாசலில் நின்றபோது ராதோவன் கட்டுப்போட்ட விரலை நீட்டினான். "நான் எப்படித் துடைப்பேன்? அவ என்னைக் கடிப்பா."

லிபுஷே குளியலறையிலிருந்து சோப்பை எடுத்துவந்து கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தாள்.

"நல்லாக் கழுவிட்டுத் தொடு. நான்தான்னு நெனச்சுக்கும்."