இடது கைக்கு ஓர் ஒட்டுக்கத்தி

ஐம்பதுகளின் கடைசி வருடங்களில் நான் திண்டுக்கல்லில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தேன். முன் அறையில் பூட்டு செய்வார்கள். பின் அறையில் மடக்குக்கத்தி. பின் அறையில் மேஸ்திரியோடு சேர்த்து நாங்கள் நாலு பேர். அலகுக்குச் சாணை பிடிப்பதும் கைப்பிடி பொருத்தி ஆணி அடிப்பதும் என் வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவன். அதிகம் பேசமாட்டேன். எனக்குப் பிறவியிலேயே இடது கைதான் முன்னே வரும். பள்ளிக்கூடத்தில் அடித்து எழுத்தை வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். இடது கையால் அரம் போட்ட சாமானுக்கு ராசி இல்லை என்று எங்கள் முதலாளி நம்பியதால், பட்டறையிலும் ஆள் பார்க்கும்போது வலது கை, பார்க்காதபோது இடது கை என்று ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஓர் ஆனி மாதக் காலையில் தொப்பம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். மாந்தோட்டம் ஒன்றில் ஒட்டுக்கன்று கட்டுகிறவர். எங்கள் பட்டறையில் செய்த ஒட்டுக்கத்தி ஒன்றைப் பலகைமேல் வைத்தார்.

“ஏனுங்க, இது நேராப் போக மாட்டேங்குதுங்க. சீவுனாக் குழி விழுகுது.”

மேஸ்திரி ஒரு வேப்பங்குச்சியை எடுத்துச் சீவிப் பார்த்தார். சுருள் சுருளாக வந்தது.

“நல்லாத்தானய்யா போகுது. எங்க, நீரு சீவும் பாப்போம்.”

அவர் கத்தியை இடது கையில் வாங்கினார். மேஸ்திரி தொடையில் தட்டிச் சிரித்தார்.

“அட, நொட்டாங்கையா! கோளாறு கத்தியில இல்லப்பு, கையில. அதுக்கு இங்க வந்தா? பெத்தவங்ககிட்டப் போயிக் கேளும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் நகரவில்லை. “சிரிங்க, பரவாயில்லீங்க. போன வருசம் கட்டுனதுல பாதிக்கு மேல பட்டுப்போச்சு. இந்த வருசமும் போச்சுன்னா தோட்டத்துல நிக்க வேண்டாம்னு மொதலாளி சொல்லிட்டாருங்க. நாங்க குடியிருக்கிற சாளையும் அவருதுங்க” என்றார். மேஸ்திரி அரத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டதால் கத்தியை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒட்டுக்கத்தி மற்றக் கத்திபோல் இல்லை. அலகின் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் சரிவாகவும் இருக்கும். தட்டையான பக்கம் மரத்தோடு ஒட்டி நகர்ந்தால்தான் வெட்டு பலகைபோல் வரும். அதே கத்தியை இடது கையில் பிடித்தால் சரிவான பக்கம் மரத்தின்மேல் வந்துவிடும். அலகு உள்ளே இறங்கி மேலே ஏறும். கன்றையும் தாய்மரக் கிளையையும் இப்படிக் குழிவாகச் சீவிச் சேர்த்துக் கட்டினால் நடுவில் இடைவெளி விழுந்து, ஒட்டு பிடிக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். இடது கைக்குத் தோதாக அலகை மாற்றித் தேய்க்கலாம் என்பதும் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

தண்ணீர் குடிக்கப் போவதுபோல் வெளியே வந்தேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்தேன்.

“பத்து நாள் கழிச்சு வாங்க. வேற ஒண்ணு செஞ்சு தாரேன்.”

“இந்தக் கைக்குங்களா? உங்களுக்கு எப்படிங்க இந்தக் கஷ்டம் தெரியும்?”

“எனக்கும் அதே கைதான்” என்றேன். முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன்.

சரிவை மாற்றினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். போதவில்லை. கத்தியைத் திறக்க நகத்தை மாட்டும் குழி அலகின் ஒரு பக்கம்தான் இருக்கும். அது வலது கைக் கட்டைவிரலுக்கு உள்ளது. அதையும் மறுபக்கம் மாற்ற வேண்டும். குழி போட்ட அலகு உதவாது என்று, குழி போடாத அலகு ஒன்றைத் தேடி எடுத்தேன். கைப்பிடியில் விரல் அமரும் பள்ளத்தையும் மாற்றிச் செதுக்கினேன். மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில்தான் வேலை. எட்டாம் நாள் மேஸ்திரி பாதியில் திரும்பி வந்துவிட்டார்.

“ஏலே, கண்ணு அவிஞ்சு போச்சா? சரிவ மாத்தித் தேச்சு வச்சிருக்க?”

“மாத்தித்தான் தேச்சேன் மேஸ்திரி.”

அவர் கத்தியைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

“மொதலாளி பாத்தா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுதான் சொல்லுவேன். அம்புட்டுதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்ன நாளில் தோட்டக்காரர் வந்தார். பேருந்து நிலையத்திலேயே இரண்டு குச்சிகளைச் சீவி, வெட்டு முகங்களைச் சேர்த்து வெயிலுக்கு எதிரே பிடித்தார். “நடுவுல வெளிச்சம் தெரியலீங்க” என்றார். கத்தியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு பேருந்தில் ஏறினார்.

புரட்டாசிக் கடைசியில் மறுபடி வந்து பட்டறை வாசலில் நின்றார். நான் எழுந்து வெளியே போனேன்.

“மொதல்ல கட்டுனதெல்லாம் நல்லா வந்துச்சுங்க. அப்புறம் கட்டுன இருபது கன்னும் சரியில்லீங்க. நாளைக்கு மொதலாளி ஒட்டு அறுத்துப் பாக்க வாராரு.”

கத்தியை வாங்கித் திருப்பினேன். தட்டையாக இருக்க வேண்டிய பக்கத்திலும் ஒரு சரிவு விழுந்திருந்தது.

“யாருகிட்டச் சாணை பிடிச்சீங்க?”

“சந்தையிலங்க. கெணத்து மேட்டுல விழுந்து நுனி ஒடஞ்சுபோச்சு. சாணைக்காரரு பாத்துட்டு, ‘பட்டறையில தப்பாத் தேச்சுக் குடுத்திருக்காங்க, நான் சரி பண்ணித் தாரேன்’னாருங்க. நல்ல மனுசன்.”

“அப்பவே ஏன் வரல?”

“கத்தியத்தான் சரி பண்ணிட்டாரே, என்ற கைதான் பழையபடி ஆயிருச்சுன்னு நெனச்சேனுங்க.”

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையைப் பற்றி யோசித்த நான் சாணைக் கல்லைப் பற்றி யோசிக்கவில்லை. வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அன்று பொழுது சாயும்வரை கல்லில் வைத்துத் தேய்த்து அந்தப் பக்கத்தைத் தட்டையாக்கினேன். மறுநாள் லீவு சொல்லிவிட்டு, முதல் பேருந்தில் அவரோடு கிளம்பினேன்.

தாய்மரங்களைச் சுற்றிப் பரண் கட்டி, அதன்மேல் தொட்டிகளில் கன்றுகளை வைத்திருந்தார்கள். தோட்டத்து முதலாளி எங்களுக்கு முன்பே வந்து நின்றார். நான் யார், எதற்கு வந்தேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

“பீச்சாங்கைக்குத் தனிக் கத்தியாமா? நாளைக்குப் பீச்சாங்கைக்குத் தனியா மாமரம் வேணும்னு கேப்பீங்களாட்ட இருக்குது!”

எனக்குக் காது சூடானது. ஆனால் இப்போது பேசாவிட்டால் அவர் அந்த இருபதில் ஏதாவது ஒன்றை அறுத்துப் பார்த்துவிட்டு, ஆளை அனுப்பிவிடுவார்.

“ஐயா, கத்தி கெடுறதுக்கு முந்திக் கட்டினது ஒண்ணு, பிந்திக் கட்டினது ஒண்ணு, ரெண்டையும் அறுத்துப் பாருங்க. ஒட்டு பிடிக்கிற நாள் ரெண்டுக்கும் ஆயிருச்சு. கட்டின கை ஒண்ணுதான்” என்றேன்.

தோட்டக்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “பிந்திக் கட்டுனதத் தொட வேண்டாமுங்க. அது பட்டுரும்னு எனக்கே தெரியும்” என்றார் மெதுவாக.

அவர் சொன்னது சரி. முந்தியதும் வாடிவிட்டால் நானே அவர் வீட்டைப் பறித்ததாகிவிடும். ஆனால் சொல் வாயை விட்டுப் போய்விட்டது. எந்தக் கன்று எப்போது கட்டியது என்று கேட்டு, முதலாளியே இரண்டைத் தேர்ந்தெடுத்தார். ஒட்டுக்குக் கீழே தாய்க் கிளையை அறுத்து, இரண்டு தொட்டிகளையும் வெயிலில் இறக்கி வைத்தார். இனி அந்த இலைகளுக்குக் கன்றின் வேர்தான் தண்ணீர் தர வேண்டும். ஒட்டு பிடிக்காததாக இருந்தால் உச்சி வெயிலில் தலை சாய்ந்துவிடும்.

காத்திருந்தோம். முதலாளி கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டார். தோட்டக்காரர் தொட்டிகள் பக்கம் திரும்பவே இல்லை. புல் இல்லாத இடத்தில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் மட்டும் கண் எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு மேல் பிந்திய கன்றின் இலைகள் ஒவ்வொன்றாகத் தொங்கின. கொஞ்ச நேரத்தில் முந்திய கன்றின் நுனிக் கொழுந்தும் வளைந்தது. அடுத்த இலையும் வளைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வளைவதுபோல் இருக்கும். காற்று நின்றதும் நேராக இருக்கும்.

உச்சிப்பொழுதுக்கு முதலாளி எழுந்து வந்தார். பிந்திய கன்று துணிபோல் தொங்கியது. முந்தியதில் அந்தக் கொழுந்து மட்டும்தான் வளைந்திருந்தது. மற்ற இலைகளை இரண்டு விரலில் நீவிப் பார்த்தார். பிறகு வாடியதன் கட்டைப் பிரித்தார். ஒட்டு கையோடு கழன்று வந்தது. வெட்டு நடுவில் இருந்த குழியில் நகத்தை வைத்து அழுத்தினார்.

“கை ஒண்ணுதான்” என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு தோட்டக்காரரைப் பார்த்து, “பிந்திக் கட்டுன அத்தனையும் பிரி. பழைய வெட்டுக்குக் கீழ எறக்கிப் புதுசாச் சீவிக் கட்டு. மழைக்கு முன்னால முடியோணும்” என்றார்.

“வீடுங்க?” என்றார் தோட்டக்காரர்.

“வீட்டுக்கென்ன? கூரைய மேஞ்சுக்க. ஒழுகுதுன்னு அப்புறம் என்கிட்ட வந்து நிக்காத.”

முதலாளி போனபிறகு தோட்டக்காரர் தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் கட்டுவதற்கான வாழைநாரை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் நனைத்தேன். சற்றுப் பொறுத்து அவர் எழுந்து பரணுக்கு வந்தார். முதல் கன்றைச் சீவியதும் வெட்டைக் கிளையோடு பொருத்தி, தலையைச் சாய்த்து வெளிச்சத்துக்குப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். அவர் பிடித்திருக்க, நான் நாரைச் சுற்றினேன். திண்டுக்கல் பேருந்துக்கு நேரமாகும்வரை ஏழு கன்று கட்டினோம்.