தொட்டிக்குள் தட்டும் சத்தம்

சம்மட்டி அக்காவைப் பார்த்தால் ஒப்பந்தக்காரர்கள் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போவார்கள். ஆள் என்னவோ ஒல்லி, ஊதினால் பறந்துவிடுவாள். ஆனால் அரசாங்கப் பணத்தில் எழும்பும் ஒவ்வொரு கட்டடமும் அவள் கையால் ஒருமுறை உடைபட்டாக வேண்டும்.

கான்கிரீட் ஊற்றும் அன்றே அதே கலவையில் கொஞ்சம் எடுத்து, இரும்பு அச்சில் கட்டிகளாக்கிப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். அவை நாலு வாரம் தொட்டித் தண்ணீரில் ஊறும். பிறகு அக்கா அவற்றை இயந்திரத்தில் வைத்து நசுக்குவாள். கட்டி தாங்கினால்தான் பில் பாஸாகும்.

தொட்டி அறைக்குள் தனியாகப் போக மற்றவர்களுக்கு நடுக்கம். சன்னல் கிடையாது. சுண்ணாம்பு படர்ந்த தண்ணீருக்கடியில், நெற்றியில் சிவப்பு எண்களோடு கட்டிகள் பிணவறை மாதிரி வரிசையாகக் கிடக்கும். மருத்துவமனை, கால்வாய், பாலம் என்று ஊரே அங்கே மூழ்கியிருக்கும். அக்கா மட்டும், "என்ன, எல்லாரும் நல்லா ஊறுறீங்களா?" என்று நலம் விசாரித்துக்கொண்டே நுழைவாள்.

புதுப் பள்ளிக்கூடத்தின் கட்டிகளை மறுநாள் உடைக்க வேண்டும். ஒன்றோடொன்று மோதியபோது அவை மணிபோல ஒலித்தன, அவ்வளவு கெட்டி. அதுதான் அவளுக்கு உறுத்தியது. போன வாரம் அதே பள்ளிக்கூடத்தின் கூரை விளிம்பைக் கொண்டையூசியால் கீறிப் பார்த்திருந்தாள், மண்ணாக உதிர்ந்தது. கூரையைத் துளைத்துப் பார்க்க மேலதிகாரியின் கையெழுத்து வேண்டும், தாளில் காரணம் வேண்டும். கொண்டையூசியெல்லாம் காரணமாகாது. நாளைக்குக் கட்டி தாங்கிவிட்டால் பணம் கைமாறிவிடும். அடுத்த வாரமே பிள்ளைகள் அந்தக் கூரைக்கடியில் உட்கார்ந்துவிடுவார்கள்.

கட்டிகளை அனுப்பிய மேஸ்திரி வேறு யாருமில்லை, அவளுடைய கூடப்பிறந்த தம்பி. மத்தியானம் அவனை வரச்சொல்லி, தொட்டி விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள்.

"நம்ம கட்டி எப்படிக்கா இருக்கு?"

"சிங்கம் மாதிரி இருக்கு. குனிஞ்சு பாரேன்."

குனிந்தான். டொக். டொக். உள்ளே பூட்டப்பட்ட யாரோ கதவைத் தட்டுவதுபோல் தண்ணீருக்கடியிலிருந்து வந்தது.

"அக்கா... உள்ள யாரோ தட்டுறாங்க!"

"கட்டிக்குள்ள யாருடா இருக்கப் போறா, உன் முதலாளியா? மூஞ்சி ஏன்டா பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு?"

டொக். டொக். டொக். தண்ணீர் மெல்ல நடுங்கியது.

"சொல்லிடறேன்க்கா. இது கூரைக்கு ஊத்துன கலவை இல்ல. முதலாளி வீட்டுப் பின்னாடி சிமெண்டை அள்ளிக் கொட்டித் தனியா செஞ்சது."

"அப்ப கூரையில?"

"பேருக்குத்தான் சிமெண்டு."

"எழுதிக் குடு."

"வேலை போயிடும்க்கா."

"கூரை போனா?"

எழுதிக் கொடுத்தான். அக்காவின் குதிகால், தொட்டிக்கடியில் ஓடும் இரும்புக் குழாயை விட்டு நைசாக விலகியது. சின்ன வயதில் கட்டிலுக்கடியில் தட்டி அவனைப் போர்வைக்குள் அலறவிட்ட அதே குதிகால்தான். கால்களை மேலே தூக்கிச் சம்மணமிட்டு, தாளை மடித்தாள்.

டொக். டொக்.

"அதான் எழுதிக் குடுத்துட்டேனேக்கா, இன்னும் ஏன் தட்டுது?"

அக்கா தன் இரண்டு கால்களையும் குனிந்து பார்த்துக்கொண்டாள். சத்தம் பள்ளிக்கூடத்துக் கட்டிகளிடமிருந்து வரவில்லை. தொட்டியின் அந்தக் கோடியிலிருந்து, பாலத்தின் கட்டிகள் கிடந்த இடத்திலிருந்து வந்தது.

"பாலத்துக் கட்டியும் உன் வேலைதானாடா?"

"ஐயோ, சத்தியமா அது நான் இல்லக்கா!"

வீட்டுக்குப் போகும் பேருந்து, கட்டிகள் ஊறி முடிவதற்குள்ளேயே திறந்துவிட்டிருந்த அந்தப் பாலத்தின் மேல்தான் போகும். அன்று சாயங்காலம் அக்காவும் தம்பியும் பேருந்தை விட்டுவிட்டுப் படகுத்துறைக்கு நடந்தார்கள்.

மறுநாள் மேலதிகாரியின் மேசைமேல் இரண்டு தாள்கள் இருந்தன. பள்ளிக்கூடத்துக்கான தாளோடு தம்பியின் வாக்குமூலம் இருந்தது. பில் அன்றே நின்றது. பாலத்தைத் துளைத்துப் பார்க்க அனுமதி கேட்ட தாளில், காரணம் என்ற இடத்தில், 'தட்டும் சத்தம் கேட்டது' என்று மட்டும் எழுதியிருந்தது. அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று தொட்டி அறைக்கு ஒரு நடை போனார்.

திரும்பி வந்து, உட்காராமலே கையெழுத்துப் போட்டார்.