இறுக்காத நட்டுகள்

நேற்று தங்கையை மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். பெருங்களத்தூர் தாண்டியதும் முன்சக்கரத்தில் டக் டக் என்று சத்தம் கேட்டது. "ரோடு அப்படிப்பா," என்றான், காரை ஓட்டிய மகன். நான் ஜன்னலை இறக்கிக் காது கொடுத்தேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதில், தாம்பரம் வீட்டு வாசலில் அப்பா பஞ்சரான சக்கரத்தை மாற்றினார். ஜாக்கியை இறக்கியபின் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். "ஸ்பேனர் மேல ஏறி நல்லா மிதிடா," என்று சொல்லிவிட்டுக் கிரீஸ் கையைக் கழுவப் போனார். முதல் நட்டிலேயே கால் வழுக்கிச் சிராய்த்தது. மற்றவற்றை விட்டுவிட்டேன்.

"எல்லாம் டைட்டாடா?"

"டைட்டுப்பா."

கார் கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் டக் டக் ஆரம்பித்தது. அப்பாவின் கையில் ஸ்டியரிங் உதறியது. என் மடியில் தங்கை தூங்கினாள். சொன்னால் அடி விழும் என்று பேசாமல் இருந்தேன். சக்கரம் கழன்று, கார் புளியமரத்தில் மோதியது. ஒடிந்த தங்கையின் கால் அதன்பின் நேராகவே இல்லை. சாகும்வரை அப்பா தன்னையே நொந்துகொண்டார்.

நேற்று நான் கத்தியதும் மகன் நிறுத்திப் பார்த்தான். டயரில் சிக்கிய கல்தான்.

"அப்பாவும் அன்னிக்கு இப்படி இறங்கிப் பாத்திருக்கலாம்ண்ணா," என்றாள் தங்கை.

அந்த நட்டுகளைப் பற்றி நேற்றும் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் இதைப் படிப்பாள்.