மல்லிகா கேட்ட கயிறு

நாற்பது வருடங்களுக்கு முன், ஜவ்வாது மலையில் பெய்த அடைமழையில் மண் சரிந்து என் அண்ணன் வீட்டை மூடியது. அண்ணனும் அண்ணியும் போய்விட்டார்கள். தப்பிய மகள், ஆறு வயது மல்லிகா, என்னிடம் வந்தாள். வானம் கறுத்தாலே சோற்றைத் தள்ளிவிட்டு வெளியே ஓடுவாள். பயம் தெளியட்டும் என்று பூசாரியிடம் கூட்டிப்போனேன். அவள் கையில் கயிறு கட்டினார்.

"அத்தைக்கும் ஒண்ணு கட்டுங்க," என்றாள் மல்லிகா.

"உங்க அத்தைக்கு இன்னாடி?" என்று பூசாரி சிரித்தார்.

"மழ வந்தா என்ன இறுக்கிப் புடிச்சிக்கினு நடுங்குது. அதப் பாத்தாதான் வூடு வுழப்போவுதுன்னு எனக்குத் தோணுது."

தலைகுனிந்து கையை நீட்டினேன். திரும்பும் வழியில் தூறல் விழுந்தது.

"எனக்கும் பயமாத்தான்டி இருக்குது," என்றேன்.

அவள் ஓடவில்லை, என் விரலைப் பிடித்து நடந்தாள்.

இன்றும் மழை வந்தால் என்னால் உட்கார முடிவதில்லை. பயமாக இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடக்கிறேன்.